மாலைக் கம்பி

அந்தக் காரின் பக்கத்தகட்டில் என் மகன் பேரின்பநாயகத்தின் பெயரைச் சிவப்பு மையால் எழுதச் சொன்னவன் நான்தான். ஜப்பான் லெப்டினன்ட் எங்கள் ஓவன் ரோட்டு வீட்டுக் கொட்டிலைத் திறந்து, சாக்கை இழுத்தெறிந்து, "யார் செய்தது?" என்று கேட்டபோது, அந்தப் பெயரைக் காட்டி "என் மகன்" என்றேன். அவன் குனிந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பின்பு சிரித்தான்.

அவனுக்கு மொழிபெயர்க்க வந்த நெய்னா முகம்மது என் காதருகே, "ஐயா, இவன் சிரிச்சான்னா சந்தோசப்படாதீங்க. அடிக்கிறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் சிரிப்பான்" என்றார். நெய்னா முகம்மது முன்பு சிராங்கூன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஜப்பான் மொழியை வேகமாகக் கற்றுக்கொண்டதால் தஞ்சோங் பகாரில் அவர்களுடைய மோட்டார்ப் பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரைச் செய்தது பேரின்பம் அல்ல. என் மகள் இராசமலர்.

சண்டைக்கு முன்னே பாசிர் பாஞ்சாங் பக்கத்தில் முகட்டுக்கு ஏறும் வளைவுச் சாலையில், வெள்ளைக்காரர்கள் கார்களை ஒவ்வொன்றாக ஏற்றி யார் விரைவு என்று பார்ப்பார்கள். பேரின்பத்துக்கு அதில் ஓட வேண்டும் என்று பைத்தியம். நல்ல கை, நல்ல கண், ஓட்டுவதில் அவனுக்கு இணை இல்லை. ஆனால் ஒரு திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டால் தங்கையைப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்த அவள்தான் பழைய ஆஸ்டின் ஒன்றின் அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு, கப்பல் தளத்தில் கழித்த அலுமினியத் தகட்டால் உடம்பு கட்டினாள். ஒரே ஓர் இருக்கை. மட்கார்டு இல்லை, விளக்கு இல்லை. பின்பக்கம் ஒவ்வொரு புறமும் இரண்டிரண்டு சக்கரம், மேட்டில் வழுக்காமல் பிடிப்பதற்கு. கியரையும் அவள் மாற்றியிருந்தாள். சமதரையில் அந்தக் கார் கத்துமே தவிர ஓடாது. ஏற்றத்தில் விட்டால் ஆட்டுக்கிடாய் போல முட்டிக்கொண்டு போகும்.

நான் தடுக்கவில்லை. ஆனால் கொட்டில் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்றேன். அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனின் மகள், காருக்கடியில் மல்லாந்து கிடக்கிறாள் என்று நான்கு பேர் பேசக் கூடாது. கோலாலம்பூரில் அவளுக்கு ஓர் இடம் பேசியிருந்தோம். ஆகவே கார் பேரின்பத்தின் கார். அந்தத் தீர்மானத்தில் பிழை இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

ஜப்பான்காரன் காரையும் என் மகனையும் ஒரே லாரியில் கொண்டுபோனான்.

லெப்டினன்ட் தன் ஊரிலே கார்ப் பந்தயம் ஓடியவனாம். அவனுடைய பெரிய அதிகாரி ஒருவன் வரப் போகிறான். பெட்ரோல் இல்லாமல், மரவள்ளிக் கிழங்கிலிருந்து வடித்த சாராயத்தில் ஒரு காரை அந்த மேட்டில் ஏற்றிக் காட்ட வேண்டும். காட்டினால் பேரின்பம் பட்டறையில் இருக்கலாம். இல்லாவிட்டால் சயாம் ரயில் பாதைக்குப் போகும் அடுத்த ஆட்களோடு அவனும் போக வேண்டும். அங்கே போனவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் எங்கள் தெருவில் அதுவரை யாரும் கண்டதில்லை.

ஏற்றிக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள், வெயில் சாய முன்னரே பேரின்பத்தை இரவுக்கு வீட்டுக்கு விட்டார்கள். உதடு வெடித்திருந்தது.

"என்ன செய்தாலும் ஏறுதில்லை அப்பா. மிதிச்சா இருமுது. கொஞ்சத் தூரம் போய் நிண்டு போகுது."

இராசமலர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கார்புரேட்டர் வாயாலை திருப்பித் துப்புதோ?"

"ஓம், துப்புது. நெருப்பும் வருது."

"அப்ப எரிபொருள் காணாது. சாராயத்துக்குக் கூட ஊத்த வேணும் அண்ணை. பெட்ரோல் மாதிரி இல்லை."

"இதை நான் அங்கை என்னெண்டு சொல்லுறது? அவன் என்னைக் கழட்டிப் பூட்டச் சொல்லுறான். எனக்கு எது எங்கை எண்டு தெரியாது. அப்பா, நான் உண்மையைச் சொல்லப் போறன்."

"என்ன உண்மை?"

"கார் செய்தது நான் இல்லை எண்டு."

"பிறகு யார் எண்டு கேப்பான்."

பேரின்பம் தரையைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை.

"கேப்பான் தானே?" என்றேன். "கேட்டா இந்த வீட்டு வாசலிலை லாரி வந்து நிக்கும். பட்டறை நிறையச் சிப்பாய்மார். அவளை அங்கை அனுப்பிப்போட்டு நான் உயிரோடை இருக்கிறதோ? கதைக்காதை."

"அப்ப நான் சயாமுக்குப் போறன்."

"நீயும் போகமாட்டாய்."

இராசமலர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஜெட்டைக் கொண்டு வந்தனியோ?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் வாயிலிருந்து அதை எடுத்தான். காவல்காரன் சோதிப்பான் என்று கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வந்திருந்தான். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு பித்தளைத் துண்டு. நடுவில் மயிர் போல ஒரு துளை. எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் முழுவதும் அந்தத் துளையால்தான் போக வேண்டும். எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

துளைபோடும் கருவிகளையெல்லாம் காரோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் தையல் ஊசி ஒன்றை முறித்து, அம்மியின் ஓரத்தில் தீட்டி, மூன்று பட்டையாக்கினாள். அதை ஜெட்டின் துளையில் விட்டு விரல்களால் திருகினால் துளை பெரிதாகும் என்றாள்.

"எவ்வளவு பெரிசாக்க வேணும் எண்டு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"தண்ணியை விட்டுப் பாக்கலாம். இப்ப இந்த மருந்துக் கிளாஸ் நிறைய எவ்வளவு நேரம் பிடிக்குது, திருகினாப் பிறகு எவ்வளவு நேரம் பிடிக்குது எண்டு. மணிக்கூடு இருந்தா நல்லது."

மணிக்கூடு அரிசியாகிப் பல மாதம் ஆகிவிட்டது. நான் கழுத்திலிருந்த உருத்திராக்க மாலையைக் கையில் எடுத்தேன். என் தகப்பனார் தந்தது. மூன்று மெல்லிய வெள்ளிக் கம்பிகளை முறுக்கி அதில் கோத்தது. காலையும் மாலையும் திருவைந்தெழுத்தை ஒரே சீராக உருவேற்றி வந்தவன் நான். என்னுடைய ஒரு மாலை எப்போதும் ஒரே அளவு நேரம். அலுவலகத்துக்குப் புறப்படுவதற்குக்கூட என் மாலையை வைத்துத்தான் வீட்டில் சோறு போடுவார்கள்.

துளையைத் தொடுவதற்கு முன்பு அவள் ஒருமுறை தண்ணீர் விட்டாள், நான் உருட்டினேன். அப்போது ஒரு முழு மாலை உருட்டி முடிய மருந்துக் கிளாஸ் நிறைந்தது. "இனி அரை மாலைக்குக் கொஞ்சம் கூட எடுக்க வேணும். அதிலை நிப்பாட்டுவன்" என்றாள்.

திருகுவாள், பித்தளை பொடிப்பொடியாக உதிரும், தண்ணீர் விடுவாள், நான் உருட்டுவேன். மறுபடி திருகுவாள். வாசலில் பூட்ஸ் சத்தம் ஒன்று கேட்டது. பேரின்பம் எழுந்து கதவோரம் போய் நின்றான். சத்தம் தெரு வழியே போய்விட்டது. நான் நிறுத்தவில்லை, உருட்டிக்கொண்டே இருந்தேன். கிளாஸ் நிறைந்தபோது மாலையில் பாதிக்கு நன்றாக மேலே விரல் நின்றது.

"இன்னும் காணாது" என்று அவள் மீண்டும் திருகினாள். அடுத்த முறை கணக்குச் சரியாக வந்தது. அவள் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"அப்பா, நீங்கள் ஓடினியள்."

"என்ன?"

"பூட்ஸ் சத்தம் கேட்டாப் பிறகு கெதியாச் சொன்னியள். பாக்கவே ஓட்டை பெரிசாத் தெரியுது."

"நான் ஓடேல்லை. இந்த மாலை ஒருநாளும் ஓடினதில்லை."

"ஓடினியள் அப்பா. பெரிசாக்கலாம். இனிச் சிறிசாக்க ஏலாது."

நான் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவள் மேலே வாதாடவில்லை. தமையனுக்குச் சொல்வது போல, எனக்கும் கேட்கும்படி விளக்கினாள். எரிபொருள் குறைவென்றால் வாயால் துப்பும். கூடிவிட்டால் துப்பாது, மூச்சடைத்தது போல முக்கி முக்கி நின்றுபோகும், புகைக்குழாயில் எரியாத சாராயம் மணக்கும், கண் எரியும். அப்படியானால் துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, இரண்டு முனையையும் மடித்துவிட வேண்டும். ஜெட் இருப்பது எஞ்சினுக்குக் கீழ்ப்பக்கம், படுத்தால்தான் கை எட்டும். பித்தளை மூடி, இடப்பக்கம் திருப்ப வேண்டும். வீடு முழுக்கத் தேடினாள். அவ்வளவு மெல்லிய கம்பி அகப்படவில்லை.

"பட்டறையிலை எடு அண்ணை" என்றாள்.

பேரின்பம் தலையாட்டினான். அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஓர் அடி விழுந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

காலையில் லாரி வந்தபோது நான் வெள்ளை டிரில் கோட்டைப் போட்டு, எல்லாப் பொத்தானையும் பூட்டி, வாசலில் நின்றேன்.

"நீங்க எங்க ஐயா?" என்றார் நெய்னா முகம்மது.

"நானும் வருகிறேன். காரைச் செய்தது நான்."

"மகன்னு சொன்னீங்க."

"ஓட்டுகிறவன் அவன். செய்தவன் நான்."

அவர் என் கோட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "இந்தக் கையி பேனாவைத் தவிர வேற எதையும் தொட்டிருக்காது. சும்மா வீட்டுல இருங்க லா. உங்களுக்கும் சேர்த்து அடி வாங்கித் தரவா?"

"செய்தவன் நான் என்றே அவனிடம் சொல்லுங்கள்."

சொன்னார். லெப்டினன்ட் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டுச் சிரித்தான்.

மேட்டுச் சாலையின் முகட்டில், வாளோடு அந்தப் பெரிய அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கீழே பேரின்பம் ஜெட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறினான். முதல்தடவை கார் பாய்ந்துதான் போனது. முதல் வளைவுக்கு முன்னே முக்கியது, இன்னொரு தடவை முக்கியது, நின்றுவிட்டது. கை பிரேக்கில் தொங்கிக்கொண்டு மேட்டில் நின்றது.

நாங்கள் ஏறிப் போவதற்குள் லெப்டினன்ட் பேரின்பத்தைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். மறுபடி கையை ஓங்கினான்.

"அவனுக்குத் தெரியாது. என்னைக் கேட்கச் சொல்லுங்கள்" என்றேன்.

நெய்னா முகம்மது சொன்னார். பதிலைக் கேட்டு என்னிடம் திரும்பினார். "இன்னொரு தரம் விடுறானாம். பெரியவன் மேல எழுந்துட்டான், பாருங்க. சீக்கிரம் ஐயா. நிஜமாவே தெரியுமா உங்களுக்கு?"

கார் துப்பவில்லை. புகைக்குழாய்ப் பக்கம் போனதும் சாராய நெடி கண்ணில் அறைந்தது. கூடிவிட்டது. துளை பெரிது. நேற்று மாலை என் நாக்கு ஓடியிருக்கிறது. அதை என் மகள் சொன்னாள், நான் மறுத்தேன்.

"கம்பி" என்றேன் மகனிடம். "மெல்லிசாய்."

அவன் கருவிப் பெட்டியைக் கொட்டிக் கிளறினான். கிடைத்தவை எல்லாம் ஆணிப் பருமன். "இல்லை அப்பா" என்றான். அழுகிற குரல். "நான் சொல்லிப்போடுறன் அப்பா. இனி ஏலாது."

"வாயை மூடிக்கொண்டு சீட்டிலை இரு."

கோட்டுக்குள் கைவிட்டு மாலையை இழுத்தேன். அறுபடவில்லை. பல்லால் கடித்து முறுக்கைப் பிரித்து இழுத்தேன். உருத்திராக்கங்கள் தார்ச்சாலையில் விழுந்து பள்ளத்தை நோக்கி உருண்டன. ஒரு சிப்பாய் அவற்றைப் பார்த்துச் சிரித்தான். மூன்று புரியில் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தேன். வெள்ளி, மயிரளவு.

பின்பு அந்தச் சாலையில் மல்லாந்து படுத்து, காருக்கடியில் நுழைந்தேன்.

பித்தளை மூடி கொதித்தது. இடப்பக்கம் திருப்பினேன். சாராயம் முகத்தில் கொட்டியது, கண் திறக்க முடியவில்லை. விரல் நுனியால் தடவி ஜெட்டைக் கழற்றினேன். துளை அகப்படவில்லை. கம்பி வழுக்கி வழுக்கி விலகியது. பக்கத்தில் லெப்டினன்டின் பூட்ஸ். அது என் விலாவை ஒருதரம் இடித்தது. நான் ஐந்தெழுத்தைச் சொல்லத் தொடங்கினேன். இந்தத் தடவை ஓடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கம்பி துளைக்குள் போனது. இரண்டு முனையையும் நகத்தால் மடித்தேன். ஜெட்டைப் பூட்டினேன், மூடியைப் பூட்டினேன்.

வெளியே வந்தபோது கோட்டு முழுவதும் தாரும் எண்ணெயும். நெய்னா முகம்மது தன் கைக்குட்டையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

காரை உருட்டி மறுபடி கீழே கொண்டுபோனார்கள். எஞ்சின் சத்தம் வேறாக இருந்தது. கொட்டிலில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அதை ஓடவிடும் நாட்களில் கேட்ட அதே சத்தம். பேரின்பம் முதல் வளைவைத் தாண்டினான். இரண்டாவது வளைவில் பின்சக்கரங்கள் மண்ணை வாரி எறிந்தன. பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் குறையாமல் மேலே மேலே போய், முகட்டில் நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

லெப்டினன்ட் என் தோளில் தட்டினான். நிறையப் பேசினான்.

"மகன் பட்டறையிலயே இருக்கலாமாம். ஓட்டுறவன் ஆச்சே" என்றார் நெய்னா முகம்மது. "நீங்களும் நாளையிலேர்ந்து வரணுமாம். மூணு கார் நிக்குது. எல்லாத்தையும் சாராயத்துல ஓட வைக்கணும். இவ்வளவு பெரிய கைகாரனை வீட்டுல விடுறது தப்புன்னு சொல்றான்." குரலைத் தாழ்த்தினார். "ஐயா, யார் செஞ்சதுன்னு நான் கேட்கல. கேட்கவும் மாட்டேன். ஆனா இவன் தினமும் பக்கத்துல நின்னு பாப்பான். தெரியாதுன்னு ஒருநாள் கண்டுபிடிச்சான்னா உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் ஏத்துவான்."

"வருகிறேன் என்று சொல்லுங்கள்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது இராசமலர் வாசலில் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். உள்ளே குசினிக் கதவருகே நின்றாள். பேரின்பம் உயிரோடு என் பின்னால் வருவதைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கோட்டைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு மூண்டு கார்" என்றேன். "என்ன கார் எண்டும் தெரியாது. எனக்கு எல்லாம் சொல்லித் தர வேணும். அவன் பக்கத்திலை நிண்டு பாப்பான்."

அவள் அழுதாள். பிறகு அவள் எழுந்து போய், மருந்துக் கிளாஸையும் ஊசியையும் தண்ணீர்ச் செம்பையும் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள். நடுவில் சிறு துளை உள்ள பழைய பித்தளைக் குமிழ் ஒன்றைப் பழகுவதற்கு என் கையில் தந்து, ஊசியை அதில் எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள்.

"நேரம் பாக்க மாலை இல்லை" என்றேன்.

"வாயாலை சொல்லுங்கோ அப்பா" என்றாள். "ஓடாமல் சொல்லுங்கோ."