ஒன்றைப் பத்தால் வகுத்தால்

என்னோடு வேலை பார்த்தவர்கள் எனக்கு வைத்த பெயர் 'பத்து மடங்கு'. நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்தால் உண்மை வரும் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. அபாண்டம். சில நாள் இருபதால் வகுக்க வேண்டியிருக்கும்.

முப்பத்தொரு வருடம் மென்பொருள் எழுதினேன். ஆஸ்பத்திரியில் எந்தப் படுக்கை காலி, யாரை எங்கே படுக்க வைக்கலாம் என்று சொல்கிற மென்பொருள். நான் எழுதிய வரிகளை நீளமாக ஒட்டினால் அதைப் பிடித்துக்கொண்டே நிலாவுக்குப் போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். கடைசி நான்கு வருடம், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடு என்றார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஒன்பது பேர், காய்ந்துபோன மார்க்கர். யாராவது கையைத் தூக்கி, "சார், எல்லாம் சரியாத்தான் எழுதினேன், ஏன் ஓடலை?" என்பார்கள். ஆகா! எனக்கு அது கல்யாண மேளம் மாதிரி கேட்கும். என் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான்: தப்பு வந்தால் கணினியைத் திட்டாதே. முதலில் உன்னைச் சந்தேகி.

ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள். மறுநாள் காலை எட்டரைக்குக் குளித்து, சட்டை மாட்டி, ஒரு காலில் ஷூவும் போட்ட பிறகுதான், போக இடம் இல்லை என்பது உறைத்தது. "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்கவும் ஆள் இல்லை. மனைவி இறந்து அதற்குள் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒற்றை ஷூவோடு பத்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். (இதை வகுக்க வேண்டாம்.)

அப்போது தோன்றியதுதான் இணைய வகுப்பு. சனிக்கிழமை பதினொரு மணி, நேரலை, யார் வேண்டுமானாலும் வரலாம், இலவசம். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்பா, யாருப்பா வருவாங்க?"

"கூட்டம் அலைமோதப் போவுது பாரு. மூணு நாடு ஸ்தம்பிச்சுப் போகும்."

"சரி, ஒரு பந்தயம். பன்னிரண்டு வகுப்பு எடுங்க. அதுல வெளியாள் ஒருத்தராவது வந்து உட்கார்ந்தா நீங்க உங்க வீட்டுலயே இருங்க, நான் வாயே திறக்கலை. ஒருத்தர்கூட வரலைன்னா கடையை மூடிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும். பின் அறை உங்களுக்கு."

அந்தப் பின் அறை எனக்குத் தெரியும். இஸ்திரி மேஜையும், யாரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிளும் குடியிருக்கிற இடம். மகளும் மருமகனும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழுக்குத்தான் திரும்புவார்கள். நான் சைக்கிளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

தலையணை தடிமனில் நான்கு கையேடுகளை அடுக்கி, மேலே கேமரா. முதுகுக்குப் பின்னால் சுவர். முதல் வகுப்பு தொடங்கியதும் திரையின் மூலையில் பார்வையாளர் எண்ணிக்கை தெரிந்தது: 1.

ஒருவர்! நான் பாடம் எடுத்தேனா, தாண்டவம் ஆடினேனா தெரியாது. அவர் எதுவும் கேட்கவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. அடுத்த வாரமும் 1. அதற்கடுத்த வாரமும். பதினொன்று அடித்ததும் வருவார், நான் முடிக்கும்வரை அசைய மாட்டார். இப்படி ஒரு மாணவருக்காகத் தவம் கிடக்க வேண்டும்.

மகளிடம் ஒன்று என்று சொன்னால் வகுத்துவிடுவாளே. அதனால் "பத்து பேர்" என்றேன். அவள் பத்தால் வகுத்து, "ஓ, ஒருத்தர் வராரா!" என்றாள். கணக்கு கச்சிதம். எதிர்வீட்டுப் பல் டாக்டர் மட்டும் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "வாத்தியாரே, இந்த வாரம் எத்தனை கோடி?" என்பார். "வாசல்ல போலீஸ் போட்டிருக்கோம், நீங்க பார்க்கலையா?" என்பேன்.

நாளாக ஆக அந்த ஒருவருக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றிக்கொண்டேன். எட்டாவது வகுப்பில் ஷேவ் செய்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்பதாவதில் அவருக்காகப் புதுச்சட்டை. "போன வாரம் சொன்னது ஞாபகம் இருக்கும் உங்களுக்கு" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லும்போது என் குரலே குழைந்தது.

பதினோராவது வகுப்பின் பாடம்: யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்பது கணினிக்கு எப்படித் தெரிகிறது. "இப்ப நம்ம வகுப்பையே எடுத்துக்குவோம்" என்று உற்சாகமாகப் பட்டியலைத் திறந்து காட்டினேன். ஒரே ஒரு வரி இருந்தது. இணைந்திருக்கும் கருவியின் பெயர்: அடுப்படி.

அது என் மனைவியின் டேப்லெட். அவள் வைத்த பெயர். சமையல் குறிப்பு பார்க்க அலமாரி ஓரத்தில் சார்ஜரில் நிற்கும். முதல் நாள், படம் வெளியே போகிறதா என்று பார்க்க அதில் வகுப்பைத் திறந்து, சத்தத்தை அணைத்துவிட்டு வந்தவன், மூடவே இல்லை. வாராவாரம் அது பாட்டுக்கு இணைந்திருக்கிறது. பதினோரு வாரம் என் சமையலறைக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பேசியதைக் கேட்காதவள் அவள். அவளுடைய டேப்லெட் பதினோரு மணிநேரம் கேட்டிருக்கிறது.

எழுந்துபோய் சார்ஜரைப் பிடுங்கி, டேப்லெட்டை அணைத்தேன். திரும்பி வந்தபோது மூலையில் 0. மீதிப் பாடத்தை முடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு எத்தனைப்பா?"

"பூஜ்யம்மா. எல்லா வாரமும் பூஜ்யம்தான்." டேப்லெட் கதையைச் சொன்னேன்.

பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம். என் வாழ்நாளில் அவள் என்னை முழுசாக நம்பியது அன்றைக்குத்தான். "ஐயோ அப்பா" என்றாள். சிரிக்கவில்லை. "சரி, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கில்ல? முடிச்சிடுங்க. நான் அட்டைப்பெட்டி எடுத்து வைக்கிறேன்."

பன்னிரண்டாவது சனிக்கிழமை. பழைய சட்டை. பதினொன்று. 0. பதினொன்று இருபதுக்கு, நான் ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, மூலையில் எண் மாறியது: 1.

வேறு யாராவது என்றால் "வணக்கம், வாங்க" என்றிருப்பார்கள். என் புத்தி எங்கே போகும்? முதலில் உன்னைச் சந்தேகி! "ஒரு நிமிஷம்" என்றுகூடச் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். டேப்லெட் அணைந்துதான் கிடந்தது. சார்ஜர் தனியாகத் தொங்கியது. அப்படியும் நம்பாமல் இரண்டு முறை பொத்தானை அமுக்கினேன். இருட்டு. கைப்பேசியைப் பார்த்தேன், அதிலும் வகுப்பு திறந்திருக்கவில்லை. அப்படியென்றால் ஆள்! நிஜ ஆள்! முழங்கால் வலியை மறந்து திரும்பி ஓடி வந்தேன்.

0.

யாரோ வந்திருக்கிறார். ஒரு சுவரையும் காலி நாற்காலியையும் பார்த்திருக்கிறார். போய்விட்டார். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை.

மகளைக் கூப்பிட்டேன். "ஒருத்தர் வந்தாரும்மா. சத்தியமா. ஒண்ணு."

"ஒண்ணைப் பத்தால வகுத்தா என்னப்பா வரும்?"

"இதை வகுக்காதே. கெஞ்சிக் கேக்கறேன்."

"வந்தவர் எங்க?"

"நான் அடுப்படிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள போயிட்டார்."

"அப்பா..." என்றாள். ஆஸ்பத்திரியில் வயசானவர்களிடம் பேசுகிற குரல்.

மறுநாள் காலை அந்தத் தளத்திலிருந்து, நான் ஒருநாளும் திறந்து பார்க்காத வாராந்தர அறிக்கை வந்தது. பார்வையாளர்: 1. இருந்த நேரம்: 2 நிமிடம் 40 விநாடி. என் வீட்டு இணைப்பு இல்லை. வேறு ஊர். அதையும், வகுப்பின் பதிவையும் அவளுக்கு அனுப்பினேன். இந்த மாதிரி அறிக்கையை நானே கண்ணை மூடிக்கொண்டு தயாரிக்க முடியும். பார்வையாளர் ஐந்நூறு என்றே போட்டிருக்கலாம்.

ஒரு மணிநேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"வாயால பத்து மடங்கு அளப்பீங்க. ஆனா பதிவுல கை வைக்க மாட்டீங்க. அது தெரியும்" என்றாள். "வீடியோவும் பார்த்தேன்ப்பா. ரெண்டரை நிமிஷம் நாற்காலி மட்டும் இருக்கு."

"ஆமா."

"சரி. ஒருத்தர்னா ஒருத்தர்தான். நீங்க ஜெயிச்சுட்டீங்க. பெட்டியெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன்."

"இஸ்திரி மேஜையை வெளிய எடுத்துட்டீங்களா?"

"நேத்தே. பரவால்ல, உள்ள தள்ளிடலாம்."

ஜெயித்துவிட்டேன். பல் டாக்டரிடம் லிஃப்டில் நாலாயிரம் பேர் என்றேன், அவர் கைதட்டினார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு ஒன்று தோன்றியது. மகள் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம்.

பதின்மூன்றாவது சனிக்கிழமை, பதினொரு மணி. புதுச்சட்டை. மூலையில் 0. தண்ணீர், மூக்குக்கண்ணாடி, கைப்பேசி எல்லாவற்றையும் முன்னமே மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டேன். முழங்கால் விண்விண்ணென்றது. அழைப்பு மணி ஒருமுறை அடித்தது. பல் டாக்டராக இருக்கும். நான் எழவில்லை. பன்னிரண்டு அடிக்கும்வரை நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

போனவர் திரும்பி வந்து பார்த்தால் நாற்காலியில் ஆள் இருக்க வேண்டுமே.