வான எல்லையில் எவ்தாலி

"அம்மா, நீங்க உட்கார்ந்திருக்கிறது எங்க நாட்டு வான எல்லை. முன் அனுமதி வாங்காம..."

"உன் வானமா? எந்தச் சந்தையில வாங்கின, தம்பி? உன் ஊர்ல நான் காலையே வைக்கலையே."

"இறங்கினா அத்துமீறி நுழைஞ்சதாகும். அங்கயே இருந்தாலும்..."

"தொண்டை வத்திடும். போய்த் தண்ணி குடி."

ஒலிபெருக்கியோடு ரோந்துப் படகில் நின்றவர் பக்கத்துப் பெரிய நாட்டின் அதிகாரி. அவருக்கு நேர் மேலே, மேகத்துக்குச் சற்றுக் கீழே, விமான இருக்கையில் வார் கட்டியபடி, மடியில் சூப் பானையோடு எவ்தாலி உட்கார்ந்திருந்தாள். விமானத்தைக் காணோம். கூவிக் கூவி மீன் விற்ற குரல் என்பதால் அவள் பேசியது கீழே தெளிவாகவே கேட்டது.

விமானம் அவள் கணவன் ஒனெசீமின் அடைத்துக்கொண்ட இதயத்தைச் சுமந்து போயிருந்தது. கிரீவ் தீவில் அதற்கு வைத்தியம் இல்லை. ஆஸ்பத்திரி பெரிய நாட்டின் வானத்துக்கு அப்பால் இருந்தது. கீழே இறங்காமல் மேலே பறந்து போனாலும் ஒவ்வொருவரும் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும் என்பது அந்நாட்டின் விதி. உயிருக்குப் போராடும் நோயாளிக்கும் நர்ஸுக்கும் மட்டும் விலக்கு. கிரீவில் யாரையும் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கமில்லை. பானையோடு கூடப் போகிறவரும் நோயாளியோடு சேர்த்தி. அந்தப் பழக்கத்தில் நர்ஸ் லெயோகாடி, ஒரு நோயாளி என்று மட்டும் அந்நாட்டுக்குத் தெரிவித்துவிட்டாள். எல்லை வந்ததும் விமானம் தாண்டியது, ஒனெசீம் தாண்டினான், லெயோகாடியும் தாண்டினாள். எவ்தாலி மட்டும் இருக்கையோடு அங்கேயே நின்றுவிட்டாள். அவள் பிடித்திருந்த ஒனெசீமின் கை வழுக்கிக்கொண்டு போனது.

கிரீவ் மக்கள் அவளுக்காக அனுமதி கேட்டார்கள். விண்ணப்பிப்பவர் தரையில் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. புயல்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. மீனவர்கள் அவளை அடையாளம் வைத்து வலை போட்டார்கள், விமானிகள் கொஞ்சம் ஒதுங்கிப் பறந்தார்கள். பானையை அவள் தொடவில்லை, அது ஒனெசீமுடையது. அது ஆறவுமில்லை, அவள் கோபத்தைப் போலவே. ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் யார் ஊட்டினாலும் ஒனெசீம் வாயைத் திறக்கவில்லை. எவ்தாலி எங்கே என்று கதவையே பார்த்துக் கிடந்து, ஈரப்பலா பழுக்கும் பருவத்தில் செத்துப்போனான்.

பெட்டியோடு திரும்பிய விமானம் அவளருகே வந்ததும் வேகம் குறைந்து, காற்றிலேயே நின்றது. கீழே படகிலிருந்து அதிகாரி மரியாதையாகவே விளக்கினார். இறந்தவர் பயணியல்ல, சரக்கு. சரக்குக்கு அனுமதி தேவையில்லை, விமானம் தாராளமாகப் போகலாம் என்றார்.

எவ்தாலி வாரை அவிழ்த்தாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காற்றில் நடந்துபோய் விமானத்தின் கதவைப் பிடித்தாள்.

"அப்போ என்னையும் சரக்குன்னே எழுதிக்கோ, தம்பி. உயிரோட இருக்கப்ப அவரைத் தனியா அனுப்பினது போதாதா உனக்கு?"