வயிற்றைத் திருப்பிக்கொண்டு

...அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நேராகப் பேராசிரியருக்கே போன் போட்டுப் பேச இவருக்கு எப்படி மனசு வந்தது, நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, எனக்காக வீட்டுக்காரர் லீவு கேட்க? இப்போது ஸ்கேன் அறை வாசலில் ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். காலையில் ஆய்வகத்தில் பேராசிரியர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், "உங்க வீட்டுக்காரர் ரொம்ப பயப்படறாரும்மா, எலிக்கரு வேலைய வேற யாராவது பாக்கட்டும்." வேறு யாராவதா! வளரும் இதயத்துக்கு நரம்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று கண் பூத்துப்போகப் பார்த்தவள் நான்... முதலில் இதயத்தின் மேல் சிரைகள் படரும், அந்தச் சிரைகள் கசியவிடும் ஏதோ ஒன்றை மோப்பம் பிடித்துக்கொண்டே நரம்பு ஊர்ந்து வரும், அதுவரை இதயம் சும்மாவா இருக்கிறது, எந்த நரம்பும் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே தானாகத் துடிக்க ஆரம்பித்துவிடுகிறதே... அப்படியானால் போன வருஷம் எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் நின்றுபோனது? இதே அறை, இதே கட்டில். இவர் அதைக் கேட்டதே இல்லை, எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேனே, கேட்காததற்குக் காரணம் பதில் கையில் இருந்ததுதானா, ஆய்வகத்து மருந்து நெடிதான் என்று தீர்ப்பே எழுதிவிட்டுத்தான் தினமும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாரா?

"என்னாலதான்னு நெனச்சீங்களா?" கேட்டேவிட்டேன். "நான் அப்படிச் சொன்னேனா?" "சொல்லல. அதான் கேக்கறேன்." பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தார். "தெரியலம்மா... இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது." இவரால் தாங்க முடியாதாம், வயிறு யாருடையது, பற்றிக்கொண்டு வந்தது எனக்கு, நல்லவேளை அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, கருவியை அழுத்தி, டாக்டர் திரையில் தேடிக்கொண்டே இருந்தார், நான் மூச்சே விடவில்லை... "துடிப்பு நல்லா இருக்கு, கேளுங்க." குடுகுடுவென்று ஓடுகிற சத்தம். இவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். எனக்கும் அழுகை முட்டியது, ஆனாலும் விடுவதாக இல்லை, பார்த்தீர்களா, நான் ஆய்வகத்தில் நிற்க நிற்க வளர்ந்த இதயம்தான் இது என்று நறுக்கென்று சொல்லிவிட வாய் திறந்தேன். சொல்ல வரவில்லை. நேற்று ஆய்வகத்தில் அந்த நெடியடிக்கும் ஃபார்மலின் பாட்டிலைத் திறக்கும்போது கையை எட்டின மட்டும் நீட்டி, மூச்சை அடக்கி, வயிற்றைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேனே... அது யார் சொல்லி?