அரைக் கட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலை செய்யும் இடத்தில், என் தலையில் வந்து விழுந்தது. பார்மா நகரத்து ஓபரா அரங்கில் மேடையின் முன்விளிம்பில் ஒரு பொந்து உண்டு. அதற்குள் உட்கார்ந்து பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வாய்க்கு வார்த்தை கொடுத்தவனுக்குச் சொந்தமாக ஒரு முதல் வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

எர்மெஸ் கிரெத்தி, வயது இருபத்தொன்பது, பார்மா பெற்றெடுத்த… (வேண்டாம். சுவரொட்டி வாசகம்.)

அன்று எர்மெஸின் தொண்டையில்… (இதுவும் வேண்டாம். டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். எர்மெஸ் டெனர், ஆண்குரலில் மேலே மேலே ஏறுகிற ஜாதி. சின்ன ஊர்களில் பாடிப் பெயரெடுத்து, சொந்த ஊர் மேடைக்கு வந்துவிட்டான். அடுத்தது வியன்னா. இரண்டாவது காட்சி நடக்கும் வியாழக்கிழமை அங்கிருந்து ஆள் வந்து கேட்கப்போகிறார். மூன்றாம் அங்கப் பாட்டின் உச்ச ஸ்வரம் நின்றால் வியன்னா, உடைந்தால்… [முடிக்க மனமில்லை.]

2

ஒத்திகையில் இரண்டு முறை உடைந்தது.

"எர்மெஸ், சுருதியை அரைக் கட்டை இறக்கிடலாம்டா. ஊர் உலகத்துல யாரும் செய்யாததா?" என்றாள் நிவெஸ். இசைக்குழுவை நடத்துபவள்.

"மேல்மாடத்துல கண்டுபிடிச்சிருவாங்க மேடம். எங்கப்பா வேற அங்க உக்காந்திருப்பாரு."

எங்கள் மேல்மாடம் அப்படி. மலிவான இருக்கை, பொல்லாத காது. இறக்கிப் பாடினால் பாட்டு நடுவிலேயே "அரைக் கட்டை!" என்று கத்துவார்கள். போன வருஷம் ஒரு பாடகர் வேஷத்தைக் கலைக்காமலே ரயிலேறினார். கத்துவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எர்மெஸின் அப்பா அமில்காரேயைத்தான். அவர் சீஸ் கிடங்கில் வேலை செய்கிறார். வண்டிச் சக்கரம் போன்ற சீஸ்களைச் சின்னச் சுத்தியலால் தட்டி, உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று காதாலேயே சொல்லிவிடுவார். முப்பத்தாறு வருஷமாக அவர் தலையாட்டினால்தான் முத்திரை விழும்.

"கத்துனா கத்தட்டும். உடையறதுக்கு அது தேவலாம்" என்று சொல்லி, இறக்கி எழுதிய தாள்களை எர்மெஸின் கண்முன்னாலேயே வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தாள் நிவெஸ்.

ஞாயிறு, முதல் காட்சி. திரை தூக்க அரைமணி இருக்கும்போது அவளே வந்து அந்தத் தாள்களை உருவிவிட்டு, இறக்காத பழையவற்றை வைத்தாள். பொந்துக்குள் நான் இருந்தேன்.

"பாத்தியா, செவெரோ?"

"பாத்தேன்."

"நீ பாக்கல. வாத்தியக்காரங்க கிட்டயும் சொல்லிட்டேன், மூச்சு விடக்கூடாது. இறக்கியாச்சுன்னு நம்புனா பயமில்லாம பாடுவான். தொண்டையில ஒரு குறையுமில்ல, பயந்தான்."

பாடினான். உச்சத்தில் போய் நின்றான், இறங்க மனமில்லாதவனாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேல்மாடம் எழுந்து நின்று கூச்சலிட்டது.

(பாடுகிறவனுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஏதோ ஒரு மூலையில் தெரிந்திருக்குமோ? இந்த இடத்தில் எர்மெஸை எப்படி எழுதுவதென்று எனக்கு விளங்கவில்லை.)

3

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஆனால் அமில்காரே ஒப்பனை அறைக்கு வந்தார். மகனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அழுதார்.

"அப்படியே கம்பி மாதிரி நின்னுச்சுடா!"

எர்மெஸுக்குக் கூசிப் போனது போலிருக்கிறது. "அப்பா, அழாதீங்க. அரைக் கட்டை இறக்கித்தான் பாடினேன். மேல இருக்குற ஒருத்தருக்கும் காது கேக்கல, உங்களையும் சேத்து."

"இல்லையே… எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியலையே, அப்பா."

நான் கதவருகில் நின்றிருந்தேன். நிவெஸும் நின்றிருந்தாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அமில்காரே நாலே நாலு சீஸைத் தட்டிப் பார்த்தாராம். "என் காதை நம்பி இனிமே முத்திரை குத்தாதீங்க. புதன்கிழமை சுத்தியலைக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் இடத்துக்குக் காத்திருக்கும் ஆளுக்குச் சந்தோஷம். அறுபத்து மூன்று வயதில் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். கேள்விப்பட்ட எர்மெஸ், "நல்லதுதான், ஓய்வெடுக்கட்டும்" என்றான்.

4

இன்று செவ்வாய். இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் காது திரும்பக் கிடைக்கிறது. மகனுக்குப் பயம் திரும்பி வருகிறது. வியாழக்கிழமை…

இரண்டு: சொல்லவில்லை. மகன் வியன்னா போகிறான், தான் ஒரு பித்தலாட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டே. அப்பா வீட்டில்…

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. அமில்காரே. (கதைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே வந்தார்.) காப்பி கொடுத்தேன். சர்க்கரை போடாமலே கலக்கிக்கொண்டிருந்தார்.

"செவெரோ, நீ நட்டநடுவுல உக்காந்திருந்தவன். எறக்குனாங்களா, இல்லையா?"

"அண்ணே…"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டி என் வாயைப் பொத்தினார்.

"வேணாம், சொல்லாத. நீ சொல்லிட்டா நாளைக்குச் சுத்தியலைக் குடுக்க எனக்குக் கை வராது. நான் குடுக்கலைன்னா பையன் ஏன்னு கேப்பான்."

காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா? அல்லது காது போனது உறுதியாகிவிடுமோ என்று பயந்து என் வாயைப் பொத்தினாரா? அவர் கை என் வாயில் இருந்தபோதுகூட எனக்குத் தெரியவில்லை. வாசகரே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், அவர் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை, மெதுவாகத்தான் நடக்கிறார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடவா?