அடுத்த வீட்டுக் கூரை

கூடாரத்தின் முன்கால்கள் இரண்டும் காற்றில் பிடுங்கிக்கொண்டபோது ராசம்மா கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வெளியே நாற்காலிகள் சரியும் சத்தம் கேட்டது. மகன் ரூபேந்திரன் தலையிலிருந்து நீர் சொட்ட உள்ளே வந்தான்.

"கூடாரம் சாஞ்சிருச்சும்மா. மழையும் விடுற மாதிரி இல்ல."

சின்னக் கூடம். சவப்பெட்டியை வைத்த பிறகு ஆள் நிற்கவே இடமில்லை. சடங்கு செய்ய வந்தவர் வாசற்படியில் நின்று கைப்பேசியைப் பார்த்தார்.

"மின்சுடலையில நம்ம நேரம் தவறிட்டா நாளைக்குத்தான்லா. உள்ள வச்சு எப்படிச் செய்யிறது? சுத்தி வரக்கூட முடியாது."

ராசம்மா வாசலைப் பார்த்தாள். நான்கு இரும்புத் தூண்கள் மட்டும் மழையில் நின்றன. மேலே ஒன்றுமில்லை.

லாரி ஓட்டிச் சேர்த்து செடெனாக் பக்கம் அவள் கணவர் அய்யாவு வாங்கிய நிலம் அது. ஓய்வு பெற்ற வருஷம், வாசல் முழுக்க, வேலியைத் தொடும்வரை தகரக் கூரை போட்டார். வரைபடம் கொடுக்கவில்லை, பெர்மிட் எடுக்கவில்லை. "என் நிலம், என் கூரை. யார்கிட்ட கேக்கணும்?" என்றார். முதல் பெருமழையிலேயே தண்ணீர் அத்தனையும் அடுத்த வீட்டு வீரமுத்துவின் சமையலறைக்குள் இறங்கியது. வீரமுத்து வந்து சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொல்லிப் பார்த்தார். பிறகு நகராட்சி மன்றத்தில் புகார் கொடுத்தார்.

வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். எல்லையிலிருந்து உள்ளே தள்ளிப் போடுங்கள், கூரைத் தண்ணீர் உங்கள் பக்கமே வடியட்டும், வரைபடம் கொடுத்தால் அனுமதி கிடைக்கும் என்றார். அய்யாவு மறுநாள் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு தகரமாகத் தானே கழற்றினார். யாரையும் தொடவிடவில்லை. அதன்பின் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் திரும்பியதே இல்லை.

வீரமுத்துவின் மனைவி காளியம்மா புடவையைச் செருகிக்கொண்டு சமையலறைத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வெளியேற்றியதை ராசம்மா ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். அதைக் கணவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிறவர் இல்லை.

இப்போது வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வீரமுத்து தன் வீட்டு முன்கூரையின் கீழிருந்து காரைப் பின்னால் எடுத்துச் சாலையோரம் மழையில் விட்டுவிட்டு, குடையில்லாமல் நடந்து வந்தார். படியில் ஏறாமல் நின்றார்.

"அக்கா, போர்ச்ச காலி பண்ணிட்டேன். அண்ணன அங்க கொண்டாந்துருங்க."

"வேணாம் அங்கிள்," என்றான் ரூபேந்திரன். "அப்பா உயிரோட இருந்தா உங்க வீட்டுல கால் வைப்பாரா?"

"வைக்கமாட்டாரு," என்றார் வீரமுத்து.

சுவரோரம் இருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி மெல்லச் சொன்னாள். "அவங்க பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அந்த வீட்டுல போயி பொணத்த எப்படி வைக்கிறது?"

"அத நாங்க பாத்துக்கிறோம்," என்றார் வீரமுத்து. "நேரமாவுது அக்கா."

எல்லோரும் ராசம்மாவைப் பார்த்தார்கள். அவள் அய்யாவுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் இறுகும் அந்தத் தாடையை இப்போது ஒரு வெள்ளைத் துணி பிடித்திருந்தது. முடிச்சு சற்று விலகியிருந்தது. அதைச் சரிசெய்தாள்.

"தூக்குங்கய்யா."

பெட்டியின் முன்மூலைக்கு ஆள் குறைந்தது. வீரமுத்து படியேறி வந்து தோள் கொடுத்தார். ரூபேந்திரன் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு எதிர்மூலையைப் பிடித்தான். யாரோ பெட்டிமேல் பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்தபடி கூடவே ஓடினார்கள்.

போர்ச்சில் எல்லோரும் சுற்றி வர இடமிருந்தது. வாய்க்கரிசி போடும்போது ராசம்மா ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். கூரையின் சத்தம் பெரிதாக இருந்தது. ஒரு சொட்டுகூட அய்யாவுமேல் விழவில்லை.

சவ வண்டி புறப்பட்டது. ஆண்கள் போனார்கள். வீரமுத்துவும் ஈரச் சட்டையோடு போனார். பெண்கள் ராசம்மாவைக் குளிக்க வைக்கக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

"வெளக்கமாறு குடும்மா," என்றாள் காளியம்மாவிடம். "கழுவி விட்டுட்டுப் போறேன்."

"விடுங்கக்கா. நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்."

"கல்யாண வீடு."

காளியம்மா உள்ளே போய் இரண்டு விளக்கமாறுகளோடு வந்தாள். கூட இருந்த பெண் ஒருத்தி வாளியிலிருந்து ஊற்ற, இருவருமாகத் தள்ளினார்கள். மஞ்சள் தண்ணீர் அரிசியும் பூவுமாக வேலியோரச் சாக்கடைக்கு ஓடியது. சாக்கடை வாயின் கம்பியில் சாமந்தி அடைத்துக்கொள்ள, தண்ணீர் தேங்கி மறுபடியும் காளியம்மாவின் சமையலறைப் பக்கம் திரும்பியது.

ராசம்மா மழையில் குனிந்து, பூக்களைக் கையால் அள்ளி எடுத்தாள்.