ஏழு நிமிடத் தண்ணீர்

...இன்னும் ஒரே ஒரு நிமிடம், அதற்குமேல் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆறு நாற்பத்திரண்டு ஆகிவிட்டது, என் முறை நாற்பதோடு முடிந்தது, அடுத்த இருபது நிமிடம் மேல்வீட்டு நர்ஸம்மாவுடையது, கை மட்டும் வால்வை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னலிலிருந்து மனைவி, "டிரம் பாதிகூட நிறையலங்க, இன்னும் கொஞ்சம் விடுங்க" என்கிறாள், அவளுக்கென்ன, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து பேசப்போவது நான்தானே. எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய், வீட்டுக்கு ஒரு வால்வு, ஆறு மாதம் முன்புவரை எல்லாவற்றுக்கும் பூட்டு, சாவிக்கொத்து குடியிருப்புச் செயலாளரின் இடுப்பில், அதனாலேயே அவர் பூட்டு மாமா. அவர் காலில் விழாத குறையாகத் தண்ணீர் பிடித்தது போதும் என்று பூட்டைக் கழற்ற வைத்தவன் நான். "மனுஷன் என்ன மாடா, கட்டிப்போட? அவங்கவங்க மனசாட்சி போதும்!" என்று என்ன முழக்கம், கைதட்டல் வேறு. செயலாளரே வேண்டாம், சுவரில் ஒரு சிலேட், மூடிய நேரத்தை அவரவர் எழுத வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பூட்டு மாமா சிரித்தார், "யாரும் பாக்கலன்னா எல்லாரும் திருடங்கதான் சார், பாக்கத்தானே போறீங்க"... வருகிற ஞாயிறு மறுபடி பூட்டா, சிலேட்டா என்று கை தூக்கச் சொல்லப்போகிறார்கள்.

நாற்பத்து நான்கு. இதில் வேடிக்கை, நான் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர், பிழைப்பே நேரம் எழுதுவதுதான், நேற்றுகூட ஒரு ஓட்டுநரிடம் எகிறினேன், "மூணு நிமிஷம்தானே சார்" என்றான், "அந்த மூணு நிமிஷம் யாரோடதுய்யா?" என்றேன்... யாருடையது? இன்று தண்ணீர் நூலாக வருகிறது, அது என் தப்பா? நர்ஸம்மா ஒண்டிக்கட்டை, அவளுக்கு எதற்கு இவ்வளவு, எல்லாத் திருடனும் இப்படித்தான் ஆரம்பிப்பானோ, சே, திருடன் என்பது பெரிய வார்த்தை. நாற்பத்தேழு. மாடிப்படியில் செருப்புச் சத்தம். வால்வு மூடியிருக்கிறது. நான்தான் மூடினேன், ஆனால் சத்தம் கேட்டு மூடினேனா, மூடிய பிறகு சத்தம் கேட்டதா?

டியூட்டிச் சீருடையில் நர்ஸம்மா வந்தாள். "முடிஞ்சுதாண்ணே?" முடிந்தது என்று தலையாட்டினேன். தன் வால்வைத் திறந்தபடி, "நீங்க டாண்ணு மூடிருவீங்கன்னு தெரியும்ணே, அதான் மணியே பாக்காம சமையலை முடிச்சிட்டு வரேன்" என்றாள். அசிங்கமாக இருந்தது, சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு... அவளே தாமதமாகத்தானே வந்தாள், நான் நாற்பதுக்கே மூடியிருந்தாலும் அந்த ஏழு நிமிடம் அவளுக்குக் கிடைத்திருக்காது என்று உள்ளே ஒரு வக்கீல் அதற்குள் வாதாட ஆரம்பித்துவிட்டான். சாக்பீஸை எடுத்தேன். அவள் பார்க்க எழுதினால் அது பயம், போகட்டும், யாரும் இல்லாதபோது எழுதினால்தானே மனசாட்சி... போய்விட்டாள். மனைவியும் ஜன்னலில் இல்லை. ஆறு எழுதி, புள்ளி வைத்து, நான்கும் போட்டாயிற்று, அடுத்தது ஏழா, பூஜ்யமா, கை நகரவில்லை, காது மட்டும் மாடிப்படியிலேயே இருக்கிறது, யாராவது இறங்கி வரமாட்டார்களா என்று.