புதன்கிழமை சுட்ட கோழிக்கால்

என் அக்கா குணபூசணியின் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு முட்டைகூட உள்ளே போனதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த அடுக்குமாடிக்குக் குடிபோன நாளிலிருந்து அப்படித்தான். கேக் வாங்கிக்கொண்டு போனால், முட்டை போடாததா என்று விசாரித்த பிறகுதான் பெட்டியையே திறப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் எனக்குப் போன் செய்து, "ஜெயா, உன் ஏர் ஃப்ரையர் எனக்கு நாளைக்கு வேணும். கோழிக்கால் சுடணும்" என்றாள். உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்றுதான் எனக்கு முதலில் பயம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு சாப்பிட வருது" என்றாள் அக்கா.

அந்தப் பொண்ணு என்றால் ஸ்டெஃபனி. அக்காவின் ஒரே மகன் ரஞ்சன் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற பெண். செராஸில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறாள். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா டொமினிக் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேசுகிற பெண். எனக்குப் பிடித்ததும் அக்காவுக்குப் பிடிக்காமல் போனதும் அந்த ஒரே குணம்தான்.

தீபாவளிக்கு ரஞ்சன் அவளை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தான். அக்கா முறுக்குத் தட்டையும் காப்பியையும் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனவள்தான். அந்தப் பெண் கிளம்பிச் செருப்பை மாட்டுகிற வரைக்கும் தலையை வெளியே நீட்டவில்லை. நான்தான் எனக்குத் தெரிந்த கதை, தெரியாத கதை எல்லாம் பேசி ஒப்பேற்றினேன். கீழே போனதும் ஸ்டெஃபனி ரஞ்சனிடம் சொன்னாளாம்: "உங்கம்மா என்னைத் திட்டினாக்கூட பரவால்லலா. ஆனா ஒரு வேளை என்கூட உக்காந்து சாப்பிடணும். வேண்டாத வீட்டுக்கு நான் மருமகளா வர மாட்டேன்."

கோபத்தில் சொன்னதாக இருந்தால் ஆறிப்போயிருக்கும். அவள் நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சிங்கப்பூரில் ஒரு வேலை வந்தது. பதில் சொல்ல இந்த வாரம்தான் கடைசி. ரஞ்சன் வீட்டில் வாய் திறந்து பேசுவதே குறைந்துவிட்டது. அத்தான் யோகநாதன் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். அந்தப் பெண் போனால் அவன் மனசும் கூடவே போய்விடும் என்று அக்காவுக்குப் புரிய நாளாயிற்று. புரிந்ததும் வழக்கம்போலத் தலைகால் தெரியாமல் கிளம்பிவிட்டாள்.

"சாப்பாடு போடுறதுன்னா நம்ம சாப்பாட்டையே போடலாமே. கோழி எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது கறி மீன் சாப்பிட்டு வளர்ந்த பொண்ணு. பருப்பும் கத்தரிக்காயும் வச்சா, வேணும்னே பண்றேன்னு நினைக்காதா? நான் செஞ்சது தப்புன்னு அதுக்குத் தெரியணும். வாயால சொல்ல எனக்கு வராது."

எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் அது வாயால் வராது. மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் அடுப்பைப் பற்றவைப்போம்.

நாள் பார்த்தது அடுத்த கூத்து. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி சனீஸ்வரனுக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் பாடப் போய்விடுவாள். "புதன்கிழமையில யாருக்கும் கோவம் வராது" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஏர் ஃப்ரையர் ஏன் என்பதற்கும் பதில் வைத்திருந்தாள். அது அடுப்பில்லை, சட்டியில்லை, மூடின பெட்டி. பின்பக்கப் பால்கனியில் துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒயர் இழுத்துவிட்டால், சமையலறைக்கும் சாமி அறைக்கும் ஒரு தோஷமும் இல்லை. இவ்வளவு யோசித்தவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

"அக்கா, கோழி இருக்கிற மேசையில நீ உக்காந்து சாப்பிடுவியா?"

"அதெப்படி முடியும்? நான் நின்னு பரிமாறுறேன்."

"அவ கேட்டதே நீ கூட உக்காரணும்னுதானே?"

"மேசை மேல கோழி வைக்கிறதே பெரிசு, ஜெயா. அதுக்கு மேல என்னால முடியாது" என்று போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததைக் கொடுக்கிற சாமர்த்தியம் என் அக்காவுக்கு மட்டும்தான் உண்டு.

புதன்கிழமை மத்தியானம், நான் இருக்கிற சுபாங் ஜெயாவின் பாசாரில் வாங்கிய கோழிக்கால்களோடும் என் ஏர் ஃப்ரையரோடும் போய் இறங்கினேன். தொடையும் காலும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய துண்டுகள். அக்கா வாசலில் சாம்பிராணித் தட்டோடு நின்றாள். யார் செத்துப் போனார்கள் என்று கேட்டேன். முறைத்தாள்.

மசாலாவை அவளே அரைத்திருந்தாள். இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், பெருஞ்சீரகம், மஞ்சள், கொஞ்சம் தயிர், எலுமிச்சம்பழம். வாழ்நாளில் கோழியை நாக்கில் வைக்காதவள் உப்பு எப்படிப் பார்ப்பாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவளோ கோழியைத் தொடுவதற்கு முன்பே மசாலாவை விரல் நுனியில் எடுத்துச் சுவைத்து, கண்ணை மூடி யோசித்து, இன்னும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள். "துண்டு பெரிசு. உப்பு உள்ள இறங்கணும்ல" என்றாள். பிறகு கையுறை ஒன்றின் மேல் இன்னொன்றாக மாட்டிக்கொண்டாள்.

கோழியைத் துடைத்து ஈரம் போக்கி, எலும்பு வரைக்கும் கத்தியால் கீறச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கீறினாள். "மன்னிச்சுக்கம்மா" என்று கோழியிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் கத்தி என் பக்கம் திரும்பியிருக்கும்.

மசாலா ஊறியதும் இரண்டு கால்களை மட்டும் கூடைக்குள் வைத்தோம், தோல் கீழே இருக்கும்படி. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திணித்தால் வேகாது, புழுங்கும். அக்காவுக்குப் பொறுமை இல்லை. நான் கழிவறைக்குப் போன நேரத்தில் சூட்டை உச்சத்துக்கு ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் பால்கனியில் ஒரே புகை. மேல்பக்கம் கருகிவிட்டது, குத்திப் பார்த்தால் எலும்பு ஓரத்தில் சிவப்புத் தண்ணீர் வந்தது.

"இதோ பார், உன் அவசரத்துக்கு வெளியில கருகல், உள்ள பச்சை."

"அப்ப நீயே செய்!" என்று கையுறையைக் கழற்றி எறிந்தவள், அடுத்த நிமிஷமே புது ஜோடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். இந்த முறை சூட்டை நூற்றெண்பதில் வைத்தோம். கொழுப்பு சொட்டிப் புகையாமல் இருக்க அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டோம். பாதியில் தோல் மேலே வரும்படி இடுக்கியால் புரட்டிப்போட்டாள். கடைசியில் தோல் செம்பொன் நிறத்தில் மொறுமொறுவென்று எழும்பி வந்தது. குத்தின இடத்தில் தெளிந்த சாறு. "நல்லாத்தான் இருக்கு, பாக்கிறதுக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா சட்டென்று வெட்கப்பட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரஞ்சன் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போய் ஸ்டெஃபனியை அழைத்து வந்தான். கதவைத் திறந்த அக்காவின் முகம் அப்படியே கல்லாகிவிட்டது. ஸ்டெஃபனியின் நெற்றியில் சாம்பல். வியர்வையில் கலைந்து நெற்றி முழுக்கத் தீற்றலாய்ப் பரவியிருந்தது. அக்கா "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"பாத்தியா? திருநீறு பூசிக்கிட்டு வந்திருக்கு. எல்லாம் ரஞ்சன் சொல்லிக்கொடுத்த வேலை."

"உன்னைச் சந்தோஷப்படுத்தத்தானே, அக்கா?"

"நான் என்ன சின்னப் புள்ளையா, வேஷம் போட்டு ஏமாத்துறதுக்கு? நம்ம சாமியோட விளையாடுறதா? நான் இங்க ஆசாரத்தை எல்லாம் விட்டுட்டு கோழி சுட்டு வச்சிருக்கேன். அது அங்க சைவமா நடிக்குது."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் அந்தத் திருநீறு கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. பொய்யில் தொடங்குகிற கல்யாணத்துக்கு நான் எந்த முகத்தோடு சிபாரிசு செய்வது? இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனாலும் வந்தவளுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அக்கா தட்டில் சோறு வைத்து, பெரிய கோழிக்கால் ஒன்றை இடுக்கியால் எடுத்து ஸ்டெஃபனியின் தட்டில் வைத்தாள். ரஞ்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் அம்மாவின் மேசையில் கோழி! அவன் அக்காவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆன்டி, இதை நீங்களா செஞ்சீங்க?" என்றாள் ஸ்டெஃபனி. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஆமா. சாப்பிடு." அக்கா நாற்காலிக்குப் பின்னால் விறைப்பாக நின்றாள்.

ஸ்டெஃபனி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை சோற்றில் இருந்தது, அசையவில்லை.

"என்ன? எங்க வீட்டுச் சாப்பாடு இறங்காதா?" என்றாள் அக்கா. அந்தக் கேள்வியில் இருந்த காரம் மசாலாவில்கூட இல்லை.

"இல்ல ஆன்டி. இன்னிக்கு எங்களுக்குச் சாம்பல் புதன். தவக்காலம் ஆரம்பிக்குது. காலையில பூசையில ஃபாதர் நெத்தியில சிலுவை போட்டு விட்டார்." அவள் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "இன்னிக்கு நாங்க கறி சாப்பிட மாட்டோம். முழுச் சாப்பாடும் ஒரே ஒரு வேளைதான்."

நான் ரஞ்சனைப் பார்த்தேன். காதலிக்கத் தெரிந்தவனுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"முன்னாலயே சொல்லியிருக்கலாமே?" என்று ஸ்டெஃபனியிடம் நான்தான் கேட்டேன்.

"உங்க வீடு சைவம்ல, ஆன்டி. இன்னிக்குச் சாப்பிட இதைவிட நல்ல வீடு எங்க இருக்குன்னு நெனச்சேன். அந்த ஒரு வேளையை இங்க சாப்பிடலாம்னுதான் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம வந்தேன்."

அக்கா நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். அதை ஸ்டெஃபனி கோபம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நிமிர்ந்து அக்காவின் கண்ணைப் பார்த்து, "பரவால்ல, ஆன்டி. தொடவே தொடாத நீங்க எனக்காக இதைச் செஞ்சிருக்கீங்க. நான் சாப்பிடுறேன். கடவுள் கோவிச்சுக்க மாட்டார்" என்று சொல்லிக் கோழியில் ஒரு துண்டைப் பிய்த்தாள்.

"வை கீழ!"

அக்கா போட்ட சத்தம் கீழ்மாடிக்குக் கேட்டிருக்கும். ஒரே தாவலில் வந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "விரதத்தை யாராவது கெடுப்பாங்களா? காலையிலேர்ந்து பட்டினி கிடந்து, கடைசியில எனக்காகக் கெடுக்கிறதா? அந்தப் பாவம் எனக்கு வேணாம். போ, போய்க் கையைக் கழுவிட்டு வா. சோப்புப் போட்டுக் கழுவு."

கோழிக்காலோடு அந்தத் தட்டை அக்கா வெறுங்கையால் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு நடந்தாள். கையில் கொழுப்பும் மசாலாவும் வழிவதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. எஞ்சியதை எல்லாம் என் டப்பாவில் போட்டு மூடி, "நீ கொண்டு போ" என்றாள். மறுநாள் நான் அதைச் சாப்பிட்டேன். உப்பு அவ்வளவு சரியாக இறங்கியிருந்தது. இதை அக்காவிடம் சொல்லவில்லை. கோழி சுடுவதில் அவளுக்குக் கர்வம் வந்துவிட்டால் என்ன செய்வது?

மேசையைத் துடைத்து, தனக்கென்று சமைத்து வைத்திருந்ததை எல்லாம் அக்கா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய்ப்பால் சொதி, பொரித்த அப்பளம். கை கழுவி வந்த ஸ்டெஃபனியின் முன்னால் புதுத் தட்டு வைத்துச் சோற்றைக் குவித்தாள். ஒரே வேளைச் சாப்பாடு என்று சொன்னதற்காகவோ என்னவோ, மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்குக் குவித்தாள். பிறகு கரண்டியோடு அங்கேயே நின்றாள்.

ஸ்டெஃபனி சோற்றைத் தொடவில்லை. காத்திருந்தாள். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அக்கா கரண்டியைப் பருப்புச் சட்டிக்குள் வைத்தாள். உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள். ஸ்டெஃபனிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தனக்கும் சோறு போட்டுக்கொண்டாள். ரஞ்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல அப்பளத்தை நொறுக்கினேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"அந்தச் சாம்பல் பூசுறது எதுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"மண்ணுலேர்ந்து வந்தோம், மண்ணுக்கே போவோம்னு ஞாபகம் வச்சுக்கிறதுக்கு."

"எங்களுக்கும் அதுதான்" என்றாள் அக்கா. சொதியை அந்தப் பெண்ணின் சோற்றில் ஊற்றினாள். "இனிமே எப்ப விரதம்?"

"ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கிழமையெல்லாம் கறி இல்ல. காண்டீன்ல எதையாவது வாங்கிச் சாப்பிட்டுக்குவேன்."

"காண்டீன்ல எந்தக் கரண்டியை எதுல போடுறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" அக்காவுக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது, ஆனால் இந்த முறை அது அந்தப் பெண்ணுக்காக வந்த கோபம். "வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சா நேரா இங்க வந்துடு. ரெண்டு பேரும் சாப்பிடலாம். ரஞ்சன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

ஸ்டெஃபனி வாயில் இருந்த சோற்றை விழுங்கினாள். பிறகு அக்காவைப் பார்த்து, "வரேன், மாமி" என்றாள்.

மாமியாரை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிடச் சொல்லி ரஞ்சன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையாம். நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.